மிளகாய்த்தூள் பைக்கற்றில் மிளகாய்ப் படம் எதற்கு? விளம்பரத்தில் படத்துக்கும் எழுத்துக்கும் வேலை பிரிப்பது எப்படி

சென்ற மாதம் கோண்டாவிலிலிருந்து ஓர் அக்கா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் என் விளம்பர வடிவமைப்புக் கடைக்கு வந்தார். வீட்டில் மிளகாய்த்தூளுக்கு வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, 250 கிராம் பைக்கற்றில் அடைத்து விற்கிறவர். "தங்கச்சி, இந்த லேபிளை ஒருக்கா வடிவாச் செய்து தாங்கோ" என்று பழைய பைக்கற்றை மேசையில் வைத்தார். இணையத்தில் எடுத்த பளபளப்பான சிவப்பு மிளகாய்ப் படம். அதற்கு மேல் "சுவையான, தரமான யாழ்ப்பாண மிளகாய்த்தூள்" என்று மஞ்சள் எழுத்து.

"வடிவாத்தானே இருக்கு, என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். கொழும்பில் ஒரு கடைக்கு 40 பைக்கற் அனுப்பினாராம். பாதி திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர்கள் தனி மிளகாய்த் தூள் என்று நினைத்து வாங்கி, மல்லி வாசம் அடிக்கிறது, கலப்படம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்கு மிளகாய்த்தூள் என்றால் செத்தல் மிளகாயோடு மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்தது. யாழ்ப்பாணத்தில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும். ஆனால் அந்த லேபிளில் படமும் மிளகாய் என்றது, எழுத்தும் மிளகாய் என்றது. உள்ளே வேறு ஏழு சாமான் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

22 வருடமாக நோட்டீஸ், லேபிள், பனர், பத்திரிகை விளம்பரம், இப்போது பேஸ்புக் விளம்பரம் என்று செய்கிறேன். எனக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இதே குறைதான். அதனால், சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்காக, நான் கடையில் எப்படிச் செய்கிறேனோ அதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு கொப்பித் தாளின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கத்தில், உங்கள் பொருளைப் பற்றிக் கண்ணால் பார்த்தால் மட்டுமே விளங்கக்கூடியதை எழுதுங்கள். வலப்பக்கத்தில், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சொல்லாமல் தெரியாததை எழுதுங்கள்.

கோண்டாவில் அக்காவோடு இருந்து எழுதியபோது இடப்பக்கத்தில் வந்தவை: தூளின் நிறம் (வறுத்ததால் வரும் கருஞ்சிவப்பு, கடைத்தூளின் செம்மஞ்சள் இல்லை), அரைப்பின் பருமன், உள்ளே போகும் சாமான்களின் தோற்றம். வலப்பக்கத்தில்: வறுத்தது என்பது, எந்த நாளில் வறுத்தது, யார் வறுத்தது, என்ன கறிக்குப் போடலாம், எத்தனை பேருக்கு எத்தனை கரண்டி, விலை, தொலைபேசி எண்.

இடப்பக்கம் முழுவதும் படத்தின் வேலை. வலப்பக்கம் முழுவதும் எழுத்தின் வேலை. ஒரு விடயம் இரண்டு பக்கத்திலும் வந்தால் ஒன்றில் வெட்டிவிடுங்கள். படத்தில் மாம்பழம் இருக்கும்போது அதற்குக் கீழே "மாம்பழம்" என்று எழுதுவது இடத்தை வீணாக்குவது. "கறுத்தக்கொழும்பான்" என்று எழுதினால் அது வேலை.

மாம்பழத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கறுத்தக்கொழும்பானை முழுப்பழமாகப் படம் எடுக்காதீர்கள். பழுத்த பிறகும் தோலில் பச்சை நிற்கும்; வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பார்த்தால் காய் என்றுதான் நினைப்பார்கள். வெட்டிய பழத்தின் செம்மஞ்சள்தான் அதன் முகம். இணையத்தில் "மாம்பழம்" என்று தேடினால் வருகிற சிவப்புக் கன்னம் போட்ட பழத்தைப் போட்டு இதை விற்காதீர்கள். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் பெட்டியைத் திறந்ததும் ஏமாறுவார்கள்.

எங்கள் ஊரே காட்டித்தரும் ஒரு பாடம்

படமும் எழுத்தும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் மிகச் சரியான எடுத்துக்காட்டு எங்கள் பத்திரிகைகளில் தினமும் வருகிறது: மரண அறிவித்தல். நான் இதை மரியாதையோடுதான் சொல்கிறேன். என் கையால் எத்தனையோ அறிவித்தல்களை அடுக்கியிருக்கிறேன்.

அதில் முகம் மட்டும் படத்தில் இருக்கும். பார்த்த கணத்தில் "ஐயோ, இவரா" என்று நெஞ்சு அடிக்கும். அந்த வேலையை எந்த வசனமும் செய்யாது. அப்புறம் எழுத்து தொடங்கும்: எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம், யாரோடு தொடர்புகொள்வது. ரொறன்ரோவில் இருந்து பார்க்கிறவர், முகம் பிடிபடாவிட்டாலும், ஊரையும் உறவையும் வாசித்து "எங்கட மாமியின்ர தங்கச்சியெல்லே" என்று கண்டுபிடிப்பார். படம் செய்யாததை எழுத்து செய்கிறது. எழுத்து செய்ய முடியாததைப் படம் செய்கிறது. "அழகான முகமுடையவர்" என்று எந்த அறிவித்தலிலும் யாரும் எழுதுவதில்லை, கவனித்தீர்களா?

ஒரு படம் பல பொருள் தரும், பக்கத்தில் இருக்கும் எழுத்துத்தான் அதில் எதை எடுத்துக்கொள்வது என்று பிடித்து நிறுத்துகிறது என்பதை, பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் பாஸ்தா விளம்பரம் ஒன்றை எடுத்து விளக்கினார். வலைப்பையில் இருந்து தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் பாஸ்தாவும் வழிகிற படம் அது. சந்தைக்குப் போய் வந்த புதுமை, இத்தாலிச் சமையலின் சாயல் என்று ஒரே படத்தில் பலதும் கேட்கும். நங்கூரம் போடுவதுபோல எழுத்து பொருளைக் கட்டுகிறது என்றார். எனக்கு அந்த உவமை நன்றாகப் பொருந்துகிறது. பருத்தித்துறைக் கரையில் நங்கூரம் போடாத வள்ளம் எங்கே போகும் என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

நெல்லியடித் தையல்கடை

இதுவரை செய்ததில் எனக்கு மனத்துக்கு நிறைவான வேலை ஒன்று உண்டு. நெல்லியடியில் சட்டை தைக்கும் ஒருவர், திருமணக் காலத்துக்கு முன் நோட்டீஸ் ஒன்று கேட்டார். அவர் கொண்டுவந்த மாதிரியில் இந்திய சஞ்சிகையில் வெட்டிய மணப்பெண் படம், "நேர்த்தியான முறையில் குறித்த நேரத்தில் தைத்துக் கொடுக்கப்படும்" என்ற வசனம். வடமராட்சியில் இருக்கும் தையல்கடை நோட்டீஸ்களில் பாதி இப்படித்தான்.

"அக்கா, மற்றக் கடைக்காரர் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிக் காட்டினார். ஒரு நூல் தொங்கவில்லை. ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தது. கை வைக்கும் இடத்தில் பிறகு பெரிதாக்குவதற்கு அரை அங்குலம் விட்டிருந்தது.

அந்தச் சட்டையை அப்படியே, உள்பக்கம் தெரியும்படி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தோம். எழுத்து: "உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ." அதற்குக் கீழே சின்னதாக: "உடம்பு வைத்தால் பெரிதாக்க அரை அங்குலம் விட்டுத்தான் தைப்போம். திங்கள் தந்தால் அடுத்த திங்கள் எடுக்கலாம்." முகவரி, தொலைபேசி எண். அவ்வளவுதான்.

இதில் படத்தைக் கையால் மறைத்து எழுத்தை மட்டும் வாசியுங்கள். எதைத் திருப்பிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். ஏன் சட்டையைப் பிழையாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இரண்டும் சேரும்போதுதான் பொருள் பிறக்கிறது. நான் எந்த விளம்பரத்துக்கும் இந்த மறைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்கிறேன். ஒன்றை மறைத்த பிறகும் எதுவும் குறையவில்லை என்றால், மறைந்திருப்பது அங்கே தேவையில்லாமல் இருக்கிறது.

அமெரிக்காவில் 1950களிலேயே இதை ஒருவர் வேலைமுறையாக்கினார். அதுவரை வசனம் எழுதுகிறவர் எழுதி முடித்துப் படம் போடுகிறவரிடம் அனுப்பிவிடுவது வழக்கம். விளம்பர நிறுவனம் நடத்திய பில் பேர்ன்பாக் இருவரையும் ஒரே அறையில் சேர்த்து இருத்தினார். 1959இல் அவருடைய நிறுவனம் வொக்ஸ்வாகன் காருக்குச் செய்த விளம்பரம் இன்றைக்கும் பேசப்படுகிறது: பெரிய வெற்றுப் பக்கத்தின் மூலையில் சின்னஞ்சிறு கார், கீழே "சின்னதாக நினையுங்கள்" என்ற பொருளில் இரண்டு சொல். எல்லாரும் பெரிய கார் விற்ற காலத்தில் அந்த வெறுமைதான் காரின் சிறுமையைப் பெருமையாக்கியது.

எங்கள் ஆட்களுக்கு வெறுமை பிடிக்காது. "காசு குடுத்த இடம், ஏன் சும்மா விட்டிருக்கு?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் பிள்ளையார் படம், பூங்கொத்து, "நல்வாழ்த்துகள்", நட்சத்திரத்துக்குள் "புதுசு" எல்லாம் வந்து குந்திவிடும். நான் விட்டுக்கொடுப்பதில்லை. கடைக்கு முன்னால் வழி விட்டால்தானே ஆள் உள்ளே வரும்?

எழுத்தில் என்ன எழுதுவது

"தரமான", "சிறந்த", "நியாயமான விலையில்", "நம்பிக்கையான" என்ற நான்கு சொல்லையும் முதலில் எடுத்துவிடுங்கள். உங்கள் வசனத்தை அடுத்த கடைக்காரர் தன் பெயரைப் போட்டு அப்படியே பாவிக்கலாம் என்றால் அது உங்கள் வசனம் இல்லை. "தரமான நல்லெண்ணெய்" என்பதை யாரும் எழுதலாம். "செக்கில் ஆட்டியது, அடியில் மண்டி படியும், அது எள்ளின் மண்டி" என்பதை உண்மையாகச் செய்கிறவர்தான் எழுத முடியும். வாங்குகிறவர் போத்தலின் அடியைப் பார்த்து முகம் சுளிக்கும் முன்னரே பதில் கையில் கிடைக்கிறது.

தலைப்புக்கு நேரம் செலவழியுங்கள். விளம்பர உலகில் பெரிய பெயர் பெற்ற டேவிட் ஓகில்வி, உள்ளே இருப்பதை வாசிப்பவர்களைப்போல ஐந்து மடங்கு பேர் தலைப்பை வாசிக்கிறார்கள் என்று சொல்லிவந்தார். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதாமல் படம் போடவும் அவர் விரும்பியதில்லை. கண் படத்துக்குப் போய் அங்கிருந்து கீழேதான் இறங்கும். அந்த இடத்தில் உங்கள் மிக முக்கியமான ஒரு செய்தியை வையுங்கள்.

விலையை எழுதுங்கள். இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன். பேஸ்புக்கில் பனங்காய்ப் பணியாரத்தின் அருமையான படம் போட்டு, விலை கேட்டால் "இன்பொக்ஸ் வாங்கோ" என்கிறார்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். அவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள்.

பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா என்று பலர் கேட்கிறார்கள். சாப்பாடு, உடுப்பு, பிள்ளைகளின் சாமான் என்றால் "வாங்கோ", "சாப்பிட்டுப் பாருங்கோ" என்று எங்கள் வழக்கில் எழுதலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஓகாரத்தில் அம்மாவின் குரல் கேட்கும். மருந்துக்கடை, ஆய்வுகூடம், காணி விற்பனை என்றால் எழுத்து நடைதான் நம்பிக்கை தரும். தொலைக்காட்சியில் கேட்ட சென்னைப் பேச்சை யாழ்ப்பாண விளம்பரத்தில் போடாதீர்கள். அது யார் வாயிலும் ஒட்டாது.

படம் எடுப்பது

நல்ல கமரா தேவையில்லை, கையில் இருக்கும் போன் போதும். காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், விறாந்தையின் ஓரத்தில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். பின்னால் பூப்போட்ட மேசைவிரிப்பு வேண்டாம். சுளகு, பனையோலைப் பாய், வெறும் மரப்பலகை ஆகியவை போதும். ஒடியல் மாவோ பனங்கட்டியோ எடுக்கும்போது ஒரு கை தெரியட்டும். பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான் எவ்வளவு பெரிது என்று கையைப் பார்த்துத்தான் தெரியும்.

ஆளின் முகம் போட்டால், முகம் பார்க்கும் திசையைக் கவனியுங்கள். பார்க்கிறவர் கண்ணும் அந்தத் திசையில்தான் போகும். சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் ரியூசன் சுவரொட்டிகளில் பலவற்றில் ஆசிரியர் தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நேர அட்டவணை மற்றப் பக்கத்தில் கிடக்கும். படத்தை மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்தாலே அவர் அட்டவணையைப் பார்ப்பார். பிள்ளைகளும் பார்ப்பார்கள். பிறர் முகத்தைப் போடுவதென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள், சிறுபிள்ளைகள் என்றால் பெற்றாரிடம்.

இணையத்தில் கிடைக்கும் படம் எல்லாருக்கும் சொந்தம் என்ற நினைப்பு பிழை. படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. அதைவிட, உங்கள் பைக்கற்றைத் திறந்தால் வராத ஒன்றைப் படத்தில் காட்டுவது பொய்.

எங்கே போடப் போகிறீர்கள்

என் அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர். 1990களின் தொடக்கத்தில் இங்கே மின்சாரம் இல்லை, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகி வந்தன. அந்தத் தாளில் படம் தெளிவாக விழாது. விளம்பரம் என்றால் எழுத்து மட்டும்தான். அப்பாவுக்குப் பெயின்ற் கிடைப்பதே அரிது என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணி எழுதுவார். "இந்தச் சொல் இல்லாட்டி ஆர் அழப்போகினம்?" என்று கேட்டுக் கேட்டு வெட்டுவார். பலகையை வேலியில் சாத்திவைத்துவிட்டு ஒழுங்கையின் மற்ற முனைக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நானும் கூடவே போய் நிற்பேன்.

அவர் ஒழுங்கையில் பார்த்ததைக் கணக்காகச் சொன்னால் இப்படி வரும். பலாலி வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கும். 50 மீற்றரில் உங்கள் பலகை கண்ணில் பட்டால் கையில் இருப்பது நாலரை செக்கன். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுகிறவர்களின் பொதுக் கணக்கு. 50 மீற்றருக்கு 16 அங்குலம் வரும். அந்த அளவில் எழுதினால் பலகையில் எத்தனை சொல் கொள்ளும் என்று நீங்களே பாருங்கள். வீதிப் பலகைக்கு ஒரு படம், நாலைந்து சொல், அவ்வளவுதான். தொலைபேசி எண் ஐந்தைப் போடுவதால் ஒன்றும் மனத்தில் நிற்காது.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மிகத் தடித்த எழுத்துருவைத் தெரிவு செய்தால் சுழிகள் அடைபட்டு, தூரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மேலே விசிறி, கீழே உகர வளைவு என்று எங்கள் எழுத்து மேலும் கீழும் நீள்வதால், வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். படத்தின் மேல் எழுத்து வைப்பதானால், வானம், சுவர் போன்ற அமைதியான பகுதியில் மட்டும்.

அச்சுக்கு அனுப்பும்போது ஒரு தவறு நடக்கும்; எனக்கும் நடந்திருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே வேறு ஊர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அவர்களின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. தமிழெல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்தாக மாறி, எட்டடிப் பனரில் அச்சாகி வந்தது. காசு என் கையிலிருந்து போனது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் அடித்தாலும் சில மென்பொருளில் கொ, கோ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எழுத்தை வடிவமாக மாற்றி, அதாவது கேர்வ் ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு தமிழ் வாசகரிடம் அச்சுப்படியைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பத்திரிகைத் தாளில் மை ஊறும். படம் நீங்கள் திரையில் பார்ப்பதைவிட இருண்டு வரும். கொஞ்சம் வெளிறவைத்து அனுப்புங்கள். பேஸ்புக்கில் முன்பு விளம்பரப் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எழுத்து இருந்தால் அதைப் பரவவிட மாட்டார்கள். 2020இல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். நான் இன்னும் அந்த அளவைத்தான் கைக்கொள்கிறேன், ஏனென்றால் போன் திரை உள்ளங்கை அளவுதான். நீளமாகச் சொல்ல வேண்டியதைப் படத்துக்கு வெளியே எழுதுங்கள். அங்கேயும் முதல் சில வரிகளுக்குப் பிறகு மடித்துவிடும் என்பதால், வணக்கம், வாழ்த்து என்று தொடங்காமல் விடயத்தில் தொடங்குங்கள்.

காட்டிப் பாருங்கள்

முடித்ததும் வீட்டாரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "வடிவா இருக்கு" என்பார்கள். உங்கள் தொழிலை அறியாத ஒருவரிடம் ஐந்து எண்ணும் வரை காட்டி, திருப்பி வைத்துவிட்டு, "இது என்ன, யாருடையது, உங்களுக்கு வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்?" என்று மூன்றையும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் படத்தை மாற்றுங்கள். மற்ற இரண்டுக்கும் வராவிட்டால் எழுத்தை மாற்றுங்கள்.

கோண்டாவில் அக்காவின் லேபிளை அவர் அரைக்கக் கொடுக்கும் மில்லுக்கு வந்த ஒரு மாணவனிடம்தான் காட்டினோம். புதுப் படத்தில் சுளகின் நடுவில் கருஞ்சிவப்புத் தூள் குவிந்திருக்கிறது. சுற்றிவர மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், ஒரு துண்டு மஞ்சள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, நாலு செத்தல். எழுத்து: "யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் மிளகாய்த்தூள். வேறு தூள் எதுவும் சேர்க்காமல் கறி வைக்கலாம்." அதே வசனம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கீழே இருக்கிறது. "வறுத்த திகதி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வெறுமையாக விட்டோம். அதை அக்கா ஒவ்வொரு பைக்கற்றிலும் தன் கையால் பேனாவில் எழுதுகிறார். முதலில் 300 லேபிள் மட்டும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி நேற்று அழைத்தார்.